வெளியே போகும் எண்ணுக்கு அளவு சொல்லி அனுப்பு

குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையை அளந்து சர்வருக்கு அனுப்பும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் சொன்னாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து நீ சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. "ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி வெச்சிருக்கேன்க்கா, அதை அப்படியே தள்ளி விட்டுடுவேன், அந்தப் பக்கம் அதே ஸ்ட்ரக்ட்ல வாங்கிப்பாங்க." அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காப்பியோடு உட்கார்ந்து படி.

உன் புரோகிராமுக்குள் இருக்கும் வரை எண் உன் சொந்த விஷயம். கம்பைலரும் பிராசசரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டில் அது பத்திரமாக இருக்கும். ஃபைலுக்கோ, ஒயருக்கோ, வைஃபைக்கோ, டேட்டாபேஸுக்கோ புறப்பட்ட நொடியில் அந்த ஏற்பாடு காலாவதி. மறுமுனைக்குப் போய்ச் சேருவது வெறும் பைட்டுகள். அவற்றை எப்படிச் சேர்த்து மறுபடி எண்ணாக்குவது என்பதை நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பைட், மைனஸ் உண்டா இல்லையா, எந்த பைட் முதலில், என்ன அலகு. இந்த நான்கையும் சொல்லாமல் ஒரு எண்ணைக்கூட வாசல் தாண்ட விடாதே.

முதலில் அளவு. சி மொழியில் இன்ட் எத்தனை பிட் என்று யாராவது கேட்டால் 32 என்று டக்கென்று சொல்லிவிடுகிறோம். மொழி தரும் உறுதி "குறைந்தது 16" என்பது மட்டும்தான். ஷார்ட் குறைந்தது 16, லாங் குறைந்தது 32, லாங் லாங் குறைந்தது 64. எல்லாமே 'குறைந்தது' கணக்கு. ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் என்று அம்மா சொல்வது ஒரே வீட்டுக்குள் தப்பாது. அரிசியை நம் டம்ளரிலும் தண்ணீரைப் பக்கத்து வீட்டு டம்ளரிலும் அளந்தால் சாதம் கஞ்சியாகிவிடும்.

உன் விஷயத்தில் எத்தனை வீட்டு டம்ளர் இருக்கிறது என்று பார். சுவரில் மாட்டப்போகும் ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 8 பிட் ஏவிஆர் சிப். அங்கே இன்ட் 16 பிட், லாங் 32 பிட். நடுவில் வைஃபைக்காக வைத்திருக்கும் ஈஎஸ்பி32-இல் இரண்டுமே 32. சர்வர் 64 பிட் லினக்ஸ் என்றாய், அங்கே இன்ட் 32, லாங் 64. உன் லேப்டாப்பில் 64 பிட் விண்டோஸ்; ஆனாலும் அங்கே லாங் 32தான். ஒரே பெயர், நான்கு இடம், மூன்று விதமான ஜோடி. லேப்டாப்பில் ஓடிப் பார்த்துவிட்டுச் சர்வரில் ஏற்றினால் லாங் இருக்கும் ஒவ்வொரு இடமும் சத்தமில்லாமல் நான்கு பைட் தள்ளிப்போகும்.

இதற்கு மருந்து 1999-ஆம் ஆண்டு சி தரநிர்ணயத்திலேயே வந்துவிட்டது. எஸ்டிடிஇன்ட் என்ற ஹெடர் ஃபைலைச் சேர்த்துக்கொண்டால் இன்ட்8, இன்ட்16, இன்ட்32, இன்ட்64 என்று அளவைப் பெயரிலேயே வைத்திருக்கும் வகைகள் கிடைக்கும். முன்னால் 'யு' வந்தால் அன்சைன்டு. வெளியே போகும் எந்த எண்ணையும் இந்த வகையில் மட்டும் அறிவி. ஃபார் லூப்பில் ஓடும் எண் சாதாரண இன்ட்டாகவே இருக்கட்டும். அதையும் மாற்றி எழுதச் சொல்லும் சுத்தக்காரர்கள் உண்டு, அவர்களைக் கண்டுகொள்ளாதே.

அதே ஹெடரில் 'ஃபாஸ்ட்' என்ற சொல் சேர்ந்த வகைகளும் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்காதே. அந்த அளவுக்குக் குறையாமல், அந்தக் கருவிக்கு எது வேகமோ அதைக் கொடு என்று அர்த்தம். 64 பிட் இன்டெல் லினக்ஸில் ஃபாஸ்ட்16 என்று கேட்டால் 64 பிட் கிடைக்கும்! கணக்குப் போட நல்லது, ஃபைலில் எழுத ஆகாது. சைஸ்_டி, ஈனம், பூல் இவையும் அப்படித்தான். வீட்டோடு இருக்க வேண்டியவை.

கேர் வகையும் ஒரு கள்ளன். அதில் மைனஸ் உண்டா இல்லையா என்பதையே சி மொழி கம்பைலரிடம் விட்டுவிட்டது. இன்டெல் லேப்டாப்பில் வழக்கமாக மைனஸ் உண்டு, ஏஆர்எம் லினக்ஸில் வழக்கமாகக் கிடையாது. எழுத்துக்கு மட்டும் கேர் பயன்படுத்து. ஒரு பைட் எண் வேண்டுமென்றால் இன்ட்8 அல்லது யுஇன்ட்8 என்று தெளிவாகச் சொல்.

ஊனோவில் இன்னொரு குழி. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிநொடி என்று 60 * 1000 போடுவாய். இரண்டும் இன்ட், பெருக்கலும் 16 பிட்டில் நடக்கும், 60000 அதில் அடங்காது, −5536 என்று வந்து நிற்கும். விடையை லாங்கில் வாங்கிக்கொண்டாலும் பயனில்லை. பெருக்கல் நடக்கும்போதே காரியம் கெட்டுவிட்டது. பெருக்கும் எண்களில் ஒன்றையாவது முதலிலேயே 32 பிட் ஆக்கிவிடு.

இப்போது உன் அருமை ஸ்ட்ரக்டுக்கு வருகிறேன். சென்சர் எண்ணுக்கு ஒரு பைட், நேரத்துக்கு நான்கு, வெப்பநிலைக்கு இரண்டு. கூட்டினால் ஏழு. ஊனோவில் சைஸ்ஆஃப் கேட்டால் ஏழு என்றுதான் சொல்லும். சர்வரில் அதே ஸ்ட்ரக்டைக் கேள், 12 என்று வரும். நான்கு பைட் எண் நான்கால் வகுபடும் முகவரியில் உட்கார வேண்டும் என்பதற்காக, சென்சர் எண்ணுக்குப் பின்னால் மூன்று பைட்டைக் கம்பைலர் காலியாக விடுகிறது. அடுத்தடுத்து ஸ்ட்ரக்ட் அடுக்கினாலும் இதே ஒழுங்கு வரவேண்டும் என்று கடைசியில் இன்னும் இரண்டு. இதுதான் பேடிங். ஏழு பைட்டாகக் கிளம்பியதைப் பன்னிரண்டாக வாங்கப் பார்த்தால் முதல் ரெக்கார்டிலேயே நேரம் கண்டபடி இருக்கும். இரண்டாவதில் சென்சர் எண்ணும் போய்விடும்.

பெரியதை முதலில் வைத்து வரிசை மாற்றினால் 12 என்பது 8 ஆகக் குறையும். மெமரி மிச்சம் பிடிக்க நல்ல பழக்கம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 'பேக்டு' என்று கம்பைலரிடம் சொல்லி இடைவெளியே இல்லாமல் அடுக்கலாம் என்று உன் டீமில் யாராவது சொல்வார்கள். அளவுப் பிரச்சினை தீரும், பைட் வரிசைப் பிரச்சினை தீராது. போதாக்குறைக்கு கார்ட்டெக்ஸ் எம்0 போன்ற சின்னச் சிப்களில், பேக்டு ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் நான்கு பைட் எண்ணின் முகவரியைப் பாயின்டரில் எடுத்து வாசித்தால் சிப் அப்படியே ஃபால்ட் அடித்து நிற்கும். இன்னொன்று: அந்தக் காலி பைட்டுகளில் பூஜ்யம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன கிடந்ததோ அது இருக்கும். பாஸ்வேர்டின் துண்டாகவும் இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் நீ வெளியே அனுப்புவாய்.

ஆகவே ஸ்ட்ரக்டை மொத்தமாகத் தள்ளாதே. பைட் பைட்டாக நீயே எழுது. அலுப்பாகத்தான் இருக்கும், ஒருமுறை எழுதினால் முடிந்தது.

எந்த பைட் முதலில் என்ற விஷயத்தில்தான் உன் கிடங்கு உன்னை ஏமாற்றப்போகிறது. கவனமாகக் கேள். வெப்பநிலையை நூறால் பெருக்கி 16 பிட் எண்ணாக அனுப்புகிறேன் என்றாய். நல்ல முடிவு. உறைநிலைக் கிடங்குக்கு வழக்கமாக வைக்கும் −18 டிகிரி −1800 ஆகும். அதன் இரண்டு பைட்டுகளும் என்ன தெரியுமா? 248, 248. திருப்பிப் போட்டாலும் அதேதான்! பைட் வரிசையை நீ தப்பாக எழுதியிருந்தாலும் −18.00 என்று திரையில் அழகாக வரும். மேனேஜர் கைதட்டுவார்.

நீ வாங்கிய டிஎஸ்18பி20 சென்சர் முழுத் துல்லியத்தில் 0.0625 டிகிரிப் படிகளில் அளக்கும். ஒரு படி ஏறினால் −17.94. அது −1794, சிறிய பைட்டிலிருந்து சொன்னால் 254, 248. வரிசை மாறிப் படித்தால் −2.64 டிகிரி என்று வரும். ஒரு படி இறங்கி −18.06 ஆனால் −33.36 என்று காட்டும். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? பெரும்பாலும் சரியாக இருக்கிறது, நடுநடுவே துள்ளுகிறது. உடனே சென்சர் மட்டமானது என்பார்கள், ஒயர் லூஸ் என்பார்கள், கம்ப்ரசர் இன்டர்ஃபியரன்ஸ் என்பார்கள். சென்சரை மாற்றுவார்கள். கோடில் இருக்கும் ஒரு வரியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சிறிய பைட் முதலில் போனால் லிட்டில் என்டியன், பெரிய பைட் முதலில் போனால் பிக் என்டியன். இன்டெல், ஈஎஸ்பி32, போனில் இருக்கும் ஏஆர்எம் எல்லாம் நடைமுறையில் லிட்டில். இன்டர்நெட்டின் ஐபி, டிசிபி தலைப்புகள் பிக். பிஎன்ஜி படம் பிக், ஜிப் ஃபைல் லிட்டில். எது உயர்ந்தது என்ற சண்டைக்குப் போகாதே. உன் கருவிகள் எல்லாமே லிட்டில் என்பதால் லிட்டிலையே வைத்துக்கொள் என்பேன். ஆனால் எழுதி வை. எழுதி வைக்காத லிட்டில் எழுதி வைத்த பிக்கைவிட ஆபத்து.

அடுத்த மாதம் மின்சார மீட்டரையும் மோட்பஸ் வழியாகச் சேர்க்கச் சொல்வார்கள் போலிருக்கிறதே, அதற்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். மோட்பஸில் ஒரு ரெஜிஸ்டர் 16 பிட், பெரிய பைட் முதலில். அதுவரை தெளிவு. 32 பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் வைக்கும்போது எந்த ரெஜிஸ்டர் முதலில் என்று மோட்பஸ் விதி சொல்லவில்லை. ஒவ்வொரு மீட்டர் கம்பெனியும் அதன் இஷ்டத்துக்கு வைக்கும். 70,000 என்ற எண் 1, 4464 என்று இரண்டு ரெஜிஸ்டரில் வரும். மாற்றிக் கோத்தால் 29,25,52,705. மீட்டரின் கையேட்டைப் பார், கையேட்டை நம்பாமல் மீட்டரின் திரையில் ஓடும் எண்ணோடும் ஒத்துப்பார்.

பைட்டாகப் பிரிப்பது எளிது. எண்ணை 255-உடன் ஆண்ட் செய்தால் கடைசி பைட். 8 பிட் வலப்பக்கம் நகர்த்தி அதையே செய்தால் அடுத்தது. நகர்த்தல் எண்ணின் மதிப்பின் மேல் நடப்பது, மெமரியின் மேல் அல்ல. அதனால் எந்தச் சிப்பிலும் ஒரே விடை. திரும்பச் சேர்க்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு பைட்டையும் முதலில் யுஇன்ட்32 ஆக மாற்றிவிட்டுப் பிறகு அதனதன் இடத்துக்கு நகர்த்து. மாற்றாமல் நகர்த்தினால் சி அதை இன்ட்டாக எண்ணிக்கொள்ளும். ஊனோவில் 16 பிட் இன்ட்டை 24 பிட் நகர்த்தினால் என்ன வரும் என்பதற்கு மொழியிலேயே பதில் கிடையாது.

மைனஸ் விஷயம் ஒரே வரி. அதே −1800-ஐ மறுபக்கம் யாராவது அன்சைன்டாக வாங்கினால் 637.36 டிகிரி வரும், கிடங்கு எரிகிறது என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம். ஜாவாவில் உன் சகா எழுதுகிறான் என்றாயே, அவனிடம் சொல்: ஜாவாவின் பைட் எப்போதும் சைன்டு. 200 என்று நீ அனுப்பினால் அவனுக்கு −56 என்று தெரியும். 255-உடன் ஆண்ட் செய்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மற்றபடி ஜாவா நல்ல பிள்ளை. இன்ட் எங்கேயும் 32, லாங் எங்கேயும் 64. கோ மொழி இன்னும் கறார். அதன் பைனரி பேக்கேஜிடம் வெறும் இன்ட்டைக் கொடுத்தால், அளவு நிலையாக இல்லை என்று முகத்துக்கு நேராக எரர் சொல்லி மறுத்துவிடும். எனக்குப் பிடித்த குணம்.

பைத்தானில் ஸ்ட்ரக்ட் மாட்யூல் இருக்கிறது. வடிவக் குறிப்பின் தொடக்கத்தில் எதுவும் போடாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரின் அளவு, அந்தக் கம்ப்யூட்டரின் பேடிங். அதனால் லாங்குக்கான குறி லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. கணக்கில் போடும் 'சிறியது' குறியை முதலில் போட்டால் லிட்டில் என்டியன், நிலையான அளவு, பேடிங் கிடையாது. 'பெரியது' குறி போட்டால் பிக். இந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். நம்பையில்கூட விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட்டாகவே இருந்தது. 2024-இல் வந்த 2.0 பதிப்பில்தான் 64 ஆனது. பழைய நோட்புக்கை எடுத்து ஓட்டும்போது பதிப்பைப் பார்த்துக்கொள்.

சென்சர் கழன்றுவிட்டால் என்ன அனுப்புவாய்? பூஜ்யமா? பூஜ்யம் டிகிரி என்பது உண்மையான வெப்பநிலை. டிஎஸ்18பி20-க்கு ஒரு குணம்: பவர் வந்தவுடன், முதல் அளவை எடுப்பதற்கு முன்னால் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். வழக்கமான ஆர்டுயினோ லைப்ரரி, சென்சர் இல்லையென்றால் −127 கொடுக்கும். இவை இரண்டையும் ஊனோவிலேயே பிடித்து, 'அளவு இல்லை' என்பதற்கென்று ஒதுக்கிய ஒரு எண்ணாக மாற்றி அனுப்பு. 16 பிட்டின் அடிமட்டமான −32768 அதற்கு வசதி, அது −327.68 டிகிரி, இயற்கையிலேயே கிடையாது. சராசரி எடுக்கும் கோடு அதைத் தள்ளிவிட வேண்டும் என்பதையும் எழுதி வை. இல்லாவிட்டால் மாத அறிக்கையில் அது புகுந்து விளையாடும்.

சரி, 16 போதுமா 32 வேண்டுமா 64 வேண்டுமா என்பதை எப்படி முடிவு செய்வது? உட்கார்ந்து பெருக்கிப் பார்ப்பதுதான் வழி, வேறு குறுக்கு வழி இல்லை. 32 பிட் சைன்டு எண்ணின் உச்சம் 2,14,74,83,647. பெரிதாகத்தான் தெரிகிறது. பணத்தைப் பைசாவில் வைத்தால் அது 2 கோடியே 14 லட்ச ரூபாய் சொச்சம். நடுத்தர வியாபாரியின் வருட விற்றுமுதல் தாண்டிவிடும். உன் கதையைப் பார்: நூறு சென்சர், நொடிக்கு ஒரு அளவு, ஒவ்வொரு அளவுக்கும் டேட்டாபேஸில் ஒரு வரிசை எண். ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் வரிசை. 248 நாளில் எண் தீர்ந்துவிடும்.

இந்த 248 நாளை விமானக்காரர்களுக்கும் தெரியும். 2015-இல் அமெரிக்காவின் ஃபெடரல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. தொடர்ந்து 248 நாள் மின்சாரம் நிறுத்தாமல் வைத்திருந்தால் ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் கவுன்டர் நிரம்பி, எல்லா ஜெனரேட்டர் கருவிகளும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய், விமானத்தின் ஏசி மின்சாரமே போய்விடலாம். ஆகவே அதற்கு முன்பே அணைத்து அணைத்துப் போடுங்கள் என்றது. நொடியில் நூறில் ஒரு பங்கை 32 பிட் சைன்டு எண்ணில் எண்ணிப் பார், சரியாக அந்த நாளில் நிரம்பும். நொடிக்கு நூறு வரிசை என்ற உன் கணக்கும் அதேதான். எல்லாரும் சொல்லும் ஏரியான் 5 ராக்கெட் கதையும் உனக்குத் தெரிந்திருக்கும்: 1996 ஜூன் 4, 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணில் திணித்தார்கள், கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. நான் அந்தக் கதையில் கவனிப்பது வேறு. அந்தக் கோடு ஏரியான் 4-இல் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. புது ராக்கெட் வேகமானது, எண் பெரிதானது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே கோடுதான், அதனால் அதுவும் அதே இடத்தில் விழுந்தது. நாளைக்கு உன் ஊனோ கோடை வேறு புராஜெக்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். எந்த எல்லை வரை இது தாங்கும் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே கமென்ட்டாக எழுதி வை.

ஊனோவின் மில்லிஸ் ஃபங்ஷனும் 49.7 நாளுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். பயப்படாதே. 'இப்போது' கழித்தல் 'அப்போது' என்று அன்சைன்டு 32-இல் கழித்து, அந்த வித்தியாசத்தை ஒப்பிட்டால் திரும்பும் நேரத்திலும் விடை சரியாகவே வரும். 'அப்போது' கூட்டல் இடைவெளி என்று கூட்டி ஒப்பிட்டால்தான் மாட்டிக்கொள்வாய்.

பாக்கெட்டின் முதல் பைட்டை வடிவப் பதிப்பு எண்ணுக்கு ஒதுக்கு. இன்றைக்கு 1. ஈரப்பதமும் அனுப்பு என்று ஆறு மாதத்தில் சொல்வார்கள், அன்றைக்கு 2. பழைய கருவிகள் சுவரிலேயே இருக்கும், அவை 1 என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கடைசியில் சிஆர்சி இரண்டு பைட் போடு, ஒயரில் ஏற்படும் சேதத்தைப் பிடிக்கும்.

பல ரெக்கார்டை ஒன்றாகக் கட்டி அனுப்பும்போது நீளமும் அனுப்ப வேண்டிவரும். வாங்குகிற பக்கம் அந்த நீளத்தை நம்பக் கூடாது. உண்மையில் வந்திருக்கும் பைட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் தொட வேண்டும். 2014 ஏப்ரலில் உலகத்தையே கலக்கிய ஹார்ட்பிளீட் ஓட்டை இதுதான். ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 'இதன் நீளம் 65,000' என்று பொய் சொன்னால், ஓபன்எஸ்எஸ்எல் சரிபார்க்காமல் பக்கத்து மெமரியில் இருந்ததையெல்லாம் 64 கேபி வரை அள்ளிக் கொடுத்தது. இதே காரணத்துக்காகத்தான், வெளியிலிருந்து வருவதைப் பைத்தானின் பிக்கிளாலோ ஜாவாவின் சொந்த சீரியலைசேஷனாலோ பிரிக்காதே என்பார்கள். அவை எண்ணோடு நிற்காமல் கோடையும் ஓட வைக்கும்.

சர்வரிலிருந்து பிரவுசருக்கு ஜேசனாகப் போகும்போது பைட் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. ஜேசன் எண்ணுக்கு அளவு வரையறை சொல்வதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் சாதாரண எண்ணையெல்லாம் தசம வகையிலேயே வைப்பதால் 9007199254740991 வரைதான் முழு எண் பத்திரம். 9007199254740993 என்று அனுப்பிப் பார், கடைசி 3 என்பது 2 ஆகிவிடும். எரர் வராது. ட்விட்டர் 2010-இல் ட்வீட் எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது, அதே எண்ணைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். 64 பிட் ஐடி எல்லாவற்றையும் மேற்கோளுக்குள் சரமாக அனுப்பிவிடு.

கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்காதே என்பதையும் இதோடு சேர்த்துக்கொள். மொபைல் எண் பத்து இலக்கம். 32 பிட் அன்சைன்டில்கூட 98-இல் தொடங்குவது அடங்காது. வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கலாம், இலங்கை மொபைல் எண் பூஜ்யத்தில்தான் தொடங்கும்; எண்ணாக்கினால் அந்தப் பூஜ்யம் போய்விடும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கும், 16 இலக்கக் கார்டு எண்ணை ஒட்டிப் பார். மையெஸ்க்யூஎல்லில் இன்ட் என்று போட்டு அடைப்புக்குள் 11 என்று இருந்தால் 11 இலக்கம் கொள்ளும் என்று அர்த்தம் இல்லை. திரையில் காட்டும் அகலம் அது. இன்ட் எப்போதும் நான்கு பைட்தான். உன் வரிசை எண்ணுக்கு பிக்இன்ட் போடு.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, புரோட்டோபஃப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பாய். ஈஎஸ்பி32-லிருந்து சர்வர் வரை தாராளமாகப் போடு. அளவு, வரிசை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். அதிலும் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடு. அது எண்ணை ஏழு ஏழு பிட்டாக வெட்டி அனுப்புவதால் சின்ன எண்ணுக்கு ஒரே பைட், 300-க்கு இரண்டு பைட்: 172, 2. ஆனால் சாதாரண இன்ட்32 வகையில் மைனஸ் எண் ஒவ்வொன்றும் பத்து பைட் தின்னும். உன் கிடங்கில் எல்லாமே மைனஸ்! எஸ்இன்ட்32 என்ற வகையைப் போடு. அது −1-ஐ 1 ஆகவும் 1-ஐ 2 ஆகவும் மடித்து அனுப்பும், −1800 இரண்டு பைட்டில் முடிந்துவிடும். நீக்கிய புலத்தின் எண்ணை மறுபடி வேறொன்றுக்குக் கொடுக்காதே, 'ரிசர்வ்டு' என்று பூட்டி வை.

நேரத்தைப் பற்றி. 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை 32 பிட் சைன்டில் எண்ணினால், 2038 ஜனவரி 19 அன்று நம் கடிகாரத்தில் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு முடிந்தது. அடுத்த நொடி 1901-க்குத் திரும்பும். சுவரில் மாட்டும் கருவி பத்துப் பதினைந்து வருடம் ஓடும் என்பதால் இது உன் பிரச்சினைதான். அன்சைன்டு போட்டால் 2106 வரை வண்டி ஓடும், நான்கு பைட்டுக்குள்ளேயே. ஏவிஆரில் இன்னொரு கூத்து: அதன் டைம் லைப்ரரி 1970-இல் தொடங்காமல் 2000 ஜனவரி 1-இல் தொடங்கும். 94,66,84,800 நொடியைக் கூட்டாமல் அனுப்பினால் எல்லா ரெக்கார்டும் முப்பது வருடம் பின்னால் தேதி காட்டும். சரியாக முப்பது வருடம் என்று யாராவது புலம்பினால் வேறெங்கும் தேடாதே.

கடைசியாகச் செய்யவேண்டியது. ஒரு தாளில் உன் பாக்கெட்டை எழுது: பதிப்பு, ஒரு பைட், சென்சர் எண், ஒரு பைட், நேரம், அன்சைன்டு நான்கு பைட், லிட்டில், 1970-லிருந்து நொடி, வெப்பநிலை, சைன்டு இரண்டு பைட், லிட்டில், டிகிரியில் நூறில் ஒரு பங்கு, −32768 என்றால் அளவு இல்லை, பிறகு சிஆர்சி. கீழே ஒரு மாதிரி பாக்கெட். அதில் பூஜ்யமும் −18-உம் போடாதே, அவை தப்பை மறைக்கும். நேரத்துக்கு 16909060 என்று வை. அதன் பைட்டுகள் நான்கும் வேறு வேறு, 4, 3, 2, 1 என்று வரும். சென்சர் 7, வெப்பநிலை −17.94. ஆக சிஆர்சிக்கு முன்னால் 1, 7, 4, 3, 2, 1, 254, 248. ஊனோ கோடு இந்த எட்டைத்தான் உமிழ வேண்டும், பைத்தானும் ஜாவாவும் இந்த எட்டிலிருந்து அதே மதிப்புகளை எடுக்க வேண்டும். மூன்று பக்கத்திலும் இதை டெஸ்ட்டாகப் போட்டுவிடு. அந்த ஜாவா பையனுக்கு இன்றைக்கே தாளை அனுப்பு. அவன் பக்கம் −17.94 என்று வரும் வரை சென்சரைச் சுவரில் மாட்ட ஆளைக் கூப்பிடாதே.